குழியில் கிடந்த ஈட்டிமுனை யாருடையது?

பூங்கோதை (தோ பாயோ):
ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்தில் மாறன் ஐயா, “ஆண் வேட்டையாடினான், பெண் கிழங்கு தோண்டினாள், புதைகுழிகளே சாட்சி” என்று அடித்துப் பேசினார். மறுக்க எழுந்தேன், நேரமில்லை என்று உட்கார வைத்துவிட்டார்கள். அந்த ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். பெரு நாட்டு மலைப்பகுதியில் வில்லமாயா பாட்ச்சாவில் 2018இல் ஒரு குழியைத் தோண்டினார்கள். 9,000 ஆண்டுப் பழையது. இறந்தவருக்கு 17 முதல் 19 வயது. தொடை எலும்பருகே 20க்கும் மேற்பட்ட கற்கருவிகள், பையில் போட்டு வைத்ததுபோல் ஒரே குவியலாக. பல் எனாமலின் புரதத்தைச் சோதித்தார்கள். பெண்!

மாறன் (ஜூரோங்):
கருவி அவளருகே இருந்தது, சரி. அவளுடையது என்று யார் சொன்னது? என் பாட்டியை மண்டாய் தகனச்சாலைக்குக் கொண்டுபோனபோது பெட்டிக்குள் தாத்தாவின் கைக்கடிகாரத்தை வைத்து அனுப்பினோம். பாட்டிக்கு மணி பார்க்கத் தெரியாது.

பூங்கோதை:
ஒற்றைக் கடிகாரமும் ஒரு தொழிலின் மொத்தக் கருவிகளும் ஒன்றா? குத்த முனை, அறுக்கக் கத்தி, தோலைச் சுரண்டக் கல், பதப்படுத்தச் செங்காவி. அதே இடத்தில் ஓர் ஆணின் குழியிலும் வேட்டைக் கருவிகள் இருந்தன. அவை யாருடையவை என்று நீங்கள் கேட்கவே இல்லையே?

கதிர்:
அக்கா, ஐயா, எலும்பும் பல்லும் காட்டுவது உடல் ஆணா பெண்ணா என்பதை. சமூகம் அவருக்கு என்ன வேலை கொடுத்தது என்பது வேறு. இருவரும் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதலில் தீர்த்துக்கொள்ளலாமே.

மாறன்:
தம்பி, அது பிறகு. அலாஸ்காவில் சுமார் 11,500 ஆண்டுகளுக்கு முன் புதைத்த கைக்குழந்தைகளுடனும் ஈட்டிமுனைகள் இருந்தன. அந்தக் குழந்தைகளா வேட்டைக்குப் போயின? கருவி யாருடையது?

பூங்கோதை:
பச்சைக் குழந்தையைக் காட்டி வளர்ந்த பெண்ணை மறைக்காதீர்கள். அமெரிக்கக் கண்டங்களில் வேட்டைக் கருவியோடு புதைக்கப்பட்ட 27 பேரில் 11 பேர் பெண்கள் என்று அதே ஆய்வுக் குழு 2020இல் எழுதியது. ஸ்பெயினில் 2008இல் யானைத் தந்தத்தோடு கிடைத்தவரை ஆண் தலைவர் என்றே கொண்டாடினார்கள். 2023இல் பல்லைச் சோதித்தால் பெண். பொருளைப் பார்த்து ஆளை முடிவுசெய்யும் உங்கள் பழக்கம்தான் அது.

பழனி (ஈசூன்):
பெரு, ஸ்பெயின் எதற்கு? ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரியா இறந்தோரைப் புதைத்த தாழிகளைத் தோண்டியபோது இரும்பு வாளும் பொன் நெற்றிப்பட்டமும் கிடைத்தன. புறநானூற்று 256ஆம் பாட்டில் கணவனை இழந்த ஒரு பெண், தனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாக வனையச் சொல்லிக் குயவனிடம் கேட்கிறாள். நம் பெண்களைப் பற்றிப் பேசுங்கள்.

மாறன்:
பாட்டு வேறு, அகழாய்வு வேறு. சென்ற ஆண்டு நடுகல் விவாதத்திலும் இப்படித்தான் குழப்பினீர்கள்.

பழனி:
அன்று என்னைப் படிக்காதவன் என்றீர்கள். நான் மறக்கவில்லை. முதலில் அதற்கு மன்னிப்புக் கேளுங்கள்.

கதிர்:
யாரும் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

பூங்கோதை:
பழனி அண்ணன், உங்கள் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். மாறன் ஐயா, மறுபடியும் கேட்கிறேன். அந்த ஆணின் குழியில் இருந்த கருவிகள் யாருடையவை?

மாறன்:
அவனுடையவைதான். அதில் என்ன சந்தேகம்?

பூங்கோதை:
அப்படியானால் அவளுடையவை?

மாறன்:
அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.