காக்கா முட்டை: பீட்சாவை விடப் பாட்டி சுட்ட தோசைதான் ருசி என்று முடித்தது சரியா?

கரிசல்மணி:
போன ஞாயிற்றுக்கிழமை, எட்டாவது படிக்கும் என் மகளோடு உட்கார்ந்து மணிகண்டன் இயக்கிய ‘காக்கா முட்டை’யை மறுபடி பார்த்தேன். 2015 ஜூனில் தியேட்டரில் பார்த்துவிட்டுக் கண் கலங்கி வெளியே வந்தவன் நான். இந்த முறை கடைசிக் காட்சியில் கோபம்தான் வந்தது.

பார்க்காதவர்களுக்காகக் கதை. சென்னையில் ஒரு குடிசைப் பகுதி. அப்பா ஜெயிலில் இருக்கிறார், அம்மா வேலைக்குப் போகிறாள். அண்ணனும் தம்பியும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, தண்டவாளத்தில் ரயிலிலிருந்து சிந்தும் கரியைப் பொறுக்கி எடைக்குப் போடுகிறார்கள். கோழி முட்டை வாங்க வழியில்லாமல் காக்கா முட்டை எடுத்துக் குடிப்பார்கள், அதுவே பட்டப்பெயர் ஆகிவிடுகிறது. அவர்கள் விளையாடிய இடத்தில் பீட்சா கடை வருகிறது, சிம்பு வந்து திறந்து வைக்கிறார். ஒரு பீட்சா 299 ரூபாய். காசு சேர்த்துக்கொண்டு போனால் வாட்ச்மேன் விரட்டுகிறார். எப்படியோ புதுத்துணி தேடிப் போட்டுக்கொண்டு போனால் பெரியவனுக்கு அறை விழுகிறது. அந்த வீடியோ டிவியில் ஓடி விவகாரம் பெரிதானதும், முதலாளியே வரவேற்று உட்காரவைத்து பீட்சா கொடுக்கிறார். அதைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, பாட்டி சுட்ட தோசையே நன்றாக இருந்தது என்கிறார்கள் இருவரும்.

என் சண்டை இதோடுதான். ஏழைப் பிள்ளை ஒன்றுக்கு ஆசைப்பட்டால், அது ஆசைப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை என்று அவன் வாயாலேயே சொல்ல வைக்கிறார்கள். தியேட்டரில் அந்த இடத்தில் சிரித்துக் கைதட்டியவர்கள், இடைவேளையில் நூறு ரூபாய் பாப்கார்ன் வாங்கியவர்கள். அவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போக அந்த ஒரு வரி போதும். என் மகளும் அதைத்தான் சொன்னாள்: “பரவாயில்லப்பா, அவங்களுக்கு அது பிடிக்கவே இல்ல.” பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியதே, அதுதான் என்னை உறுத்துகிறது.

மொட்டைமாடி:
மணி அண்ணா, ஒன்றை விட்டுவிட்டீர்கள். பாட்டி அந்தத் தோசையைச் சுட்ட அன்று பையன்களுக்கு அது பிடிக்கவில்லை. பீட்சா விளம்பரத் தாளில் இருந்த படத்தைப் பார்த்து, காய்கறி எல்லாம் நறுக்கிப் போட்டு அந்தக் கிழவி சுட்டுக் கொடுக்கிறாள். பீட்சா சீஸ் மாதிரி நூல் நூலாக வரவில்லையே என்று இவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். அப்புறம், அறை வாங்கி வீட்டுக்கு வந்தால் பாட்டி செத்துக் கிடக்கிறாள். கடைசியில் அவர்கள் நினைப்பது அந்தத் தோசையின் ருசியை மட்டும்தானா? இனிமேல் அதைச் சுட்டுக் கொடுக்க ஆள் இல்லையே.

நரி எட்டாத பழத்தைத்தான் புளிக்கும் என்றது. இவர்கள் கையில் வாங்கி, கடித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை, சாப்பிட்டவனுக்குத்தான் உண்டு. அந்த உரிமை அவர்களுக்குக் கிடைக்க ஒரு அறையும் ஒரு டிவி கலாட்டாவும் தேவைப்பட்டது என்பதைத்தான் படம் சொல்கிறது.

எனக்கு அந்தப் படத்தில் முக்கியம் கடை வாசல். என் அப்பா பதினோரு வருடம் ஒரு பெரிய துணிக்கடையில் வாட்ச்மேனாக நின்றவர். காலை பத்திலிருந்து ராத்திரி பத்து வரை நிற்க வேண்டும், உட்காரக் கூடாது. யாரை உள்ளே விடுவது என்று எப்படித் தெரியும் என்று சின்ன வயதில் கேட்டேன். “மூஞ்சியப் பாக்காத, காலைப் பாருன்னு சொல்லிக் குடுத்தாங்க” என்றார். செருப்பு இல்லாத கால், பித்த வெடிப்பில் மண் ஏறிய கால், ஊக்கு குத்திய ரப்பர் செருப்பு எல்லாம் வெளியே. அவர் போட்டிருந்த ஷூ கடை கொடுத்தது. வீட்டிலிருந்து அவர் மாட்டிக்கொண்டு போனதும் ஊக்கு குத்திய ரப்பர் செருப்புதான். அதைக் கடைக்குப் பின்பக்கம் ஒரு பையில் போட்டு வைப்பார். பீட்சா கடை வாட்ச்மேன் அந்தப் பையன்களை விரட்டும்போது நான் பையன்களைப் பார்க்கவில்லை, அந்த ஆளின் காலைப் பார்த்தேன்.

புதுயுகன்:
இரண்டு பேரும் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறீர்கள், மதிக்கிறேன். ஆனால் அந்தப் படம் காட்டும் தமிழ்நாடு இன்று அப்படியே இல்லை. மத்திய அரசின் நிதி ஆயோக் போடும் பல பரிமாண வறுமைக் கணக்கில் (வருமானத்தை அல்ல, சத்துணவு, படிப்பு, வீடு, கழிப்பறை, மின்சாரம் போன்றவை இருக்கிறதா என்று பார்க்கும் கணக்கு) தமிழ்நாட்டில் ஏழைகள் 2015-16இல் 4.76 சதவீதம், 2019-21இல் 2.20 சதவீதம். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டே அரசு தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போய்விட்டது. கரி பொறுக்கப் போகும் பிள்ளைக்கும் பள்ளியில் காலையும் மதியமும் சாப்பாடு உண்டு. வளர்ச்சி வந்ததால்தான் இதற்குப் பணம் வந்தது. பீட்சா கடையை வில்லனாகக் காட்டுவது எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை. அந்த மாதிரிக் கடைகளில் குடிசைப் பகுதிப் பிள்ளைகள் எத்தனையோ பேர் சீருடை போட்டு வேலை பார்க்கிறார்கள், வண்டியில் டெலிவரி போகிறார்கள். என் தம்பியும் அப்படித்தான் கல்லூரி ஃபீஸ் கட்டினான்.

கரிசல்மணி:
புதுயுகன், காலை உணவை நானும் வரவேற்கிறேன், அதில் சண்டை இல்லை. ஆனால் பசி ஒன்று, ஏற்றத்தாழ்வு வேறொன்று. படத்தில் அந்தப் பையன்கள் பட்டினி கிடக்கவில்லை. குடிசையில் அரசாங்கம் கொடுத்த இலவச டிவி இருக்கிறது, பீட்சா விளம்பரம் அதில்தான் வருகிறது. வயிறு நிறைந்த பிறகும் தீராத ஒன்றைப் பற்றிய படம் அது. 2.20 சதவீதம் என்ற கணக்கில் அந்த வாசல் வராது.

மொட்டைமாடி, பாட்டி விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். நான் யோசிக்காத கோணம். ஆனாலும் அந்த முடிவு எனக்கு இனிப்பாகத்தான் இருக்கிறது. மஜீத் மஜீதியின் 1997 ஈரானியப் படம் ‘சில்ரன் ஆஃப் ஹெவன்’ நினைவிருக்கிறதா? அண்ணன் தங்கைக்கு ஒரே ஜோடி ஷூ. தோட்ட வேலை தேடி அப்பாவும் பையனும் சைக்கிளில் டெஹ்ரானின் பணக்காரத் தெருக்களுக்குப் போவார்கள். வாசல் சுவரில் இருக்கும் ஸ்பீக்கரில் பேச அப்பாவுக்கு நாக்கு எழாது, பையன்தான் பேசுவான். அதில் பணக்கார வீடு மட்டம் என்று யாரும் சொல்வதில்லை. ஆசை ஆசையாகவே இருக்கும்.

ஆற்றங்கரை:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நீங்கள் மூன்று பேரும் பீட்சாவையும் தோசையையும் பற்றியே பேசுகிறீர்கள். அந்த மரம் யாருக்காவது நினைவிருக்கிறதா?

ஆரம்பத்தில் பெரியவன் மரத்தில் ஏறி முட்டை எடுப்பான். அவனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, காக்காவுக்கு ஒன்று விட்டுவிடுவான். அந்த மரத்தை வெட்டித்தான் கடை கட்டுகிறார்கள். அதற்குப் பிறகு படம் முழுக்க 299 ரூபாய்க்கு அலைகிறது. இடத்தைத் திருப்பிக் கேட்க ஒருவரும் இல்லை. அவர்கள் கையில் இருந்த ஒரே சொத்து அது. பத்திரம் இல்லாத சொத்து.

நான் அடையாற்றுக் கரையில் பிறந்தவள். எங்கள் குடிசைக்குப் பின்னால் ஒரு திடல், ஓரத்தில் ஒரு புளியமரம். கிரிக்கெட், துணி காயவைப்பது, காதுகுத்து, சாவு எல்லாம் அங்கேதான். படம் வந்த அதே 2015 ஜூனில்தான் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு மெட்ரோ ஓட ஆரம்பித்தது. அந்த டிசம்பரில் வெள்ளம் வந்தது, கழுத்துவரை தண்ணீரில் அம்மாவைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு வந்தோம். அதற்கப்புறம் எங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். கான்கிரீட் வீடு, கக்கூஸ், கரண்ட் எல்லாம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். என் தம்பி அப்போது ஒன்பதாவது. பழைய பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். படிப்பு வருடத்தின் நடுவில் புதுப் பள்ளியில் சேர்க்க அலைய வைத்தார்கள். மூன்று மாதம் பஸ்ஸில் போய்வந்தான், அப்புறம் நின்றுவிட்டான். அம்மா வேலை பார்த்த நான்கு வீடுகளும் போயின, அந்தத் தூரத்திலிருந்து காலை ஆறு மணிக்கு யாரால் போய் நிற்க முடியும்?

புதுயுகன் தம்பி, உங்கள் கணக்கெடுப்பில் எங்கள் வீடு முன்னேறியதாகத்தான் வந்திருக்கும். நல்ல தரை, கழிப்பறை, மின்சாரம், மூன்றுக்கும் டிக் போட்டிருப்பார்கள்.

மொட்டைமாடி:
அக்கா, நீங்கள் சொல்லும்வரை அந்த மரம் எனக்குத் தோன்றவே இல்லை. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்பு கட்டுவதுதான் வழக்கமாக இருந்தது. பிறகுதான் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே தள்ளிக்கொண்டே போனார்கள். நகரத்துக்குள் நிலத்தின் விலை ஏற ஏற, அதன் மேல் இருந்தவர்கள் வெளியே போக வேண்டியதாகிவிட்டது.

புதுயுகன்:
பள்ளி வருடத்தின் நடுவில் மாற்றியது தவறு, அதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் வெள்ளம் வரும் கரையில் மறுபடி வீடு கட்டிக் கொடுக்க முடியுமா? வளர்ச்சியே வேண்டாம் என்று சொல்ல முடியாது அக்கா.

ஆற்றங்கரை:
வேண்டாம் என்று யார் சொன்னார்கள் தம்பி? கரையில் கட்டச் சொல்லவில்லை. பள்ளிக்கும் வேலைக்கும் நடந்து போகிற தூரத்தில் இடமே இல்லை என்றார்கள். அதற்கு அடுத்த வருடங்களில் அதே தூரத்துக்குள் எத்தனை அபார்ட்மெண்ட் எழுந்தது என்று போய் எண்ணிப் பாருங்கள்.

கரிசல்மணி:
முடிவு பற்றிய என் கோபம் குறையவில்லை. ஆனால் தப்பான இடத்தில் கோபப்பட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது. இன்று ராத்திரி மகளுக்கு அந்த முதல் காட்சியை மட்டும் மறுபடி போட்டுக் காட்டப் போகிறேன். அக்கா, உங்கள் திடலில் இருந்த புளியமரம் இப்போது?

ஆற்றங்கரை:
போன மாதம் அந்த வழியாகப் போனேன். இருக்கிறது. சுற்றிக் கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். தம்பியும் கூட வந்திருந்தான், இப்போது அவனும் டெலிவரி வண்டிதான் ஓட்டுகிறான். வேலிக்கு வெளியே உதிர்ந்து கிடந்த பழத்தைப் பொறுக்கி ஹெல்மெட்டில் போட்டு அம்மாவுக்கு எடுத்து வந்தான்.