கெடு சொன்ன விலையைத் திரும்பப் பெறலாமா?

வணக்கம். கரூரில் மேசைத்துணி ஏற்றுமதி செய்யும் நான், ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் உள்ள ஒருவருக்கு ‘இந்த விலை 30ஆம் தேதி வரை செல்லும்’ என்று குறிப்பிட்டு மின்னஞ்சலில் கொட்டேஷன் அனுப்பியிருந்தேன். அதற்குள் நூல் விலை ஏறிவிட்டதால், அவருடைய ஏற்பு வருமுன்பே அதைத் திரும்பப் பெற விரும்புகிறேன்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 5ஆம் பிரிவின்படி, ஏற்பு அவர் கையை விட்டுப் புறப்படும்வரை நான் பின்வாங்கலாம். கெடு சொல்லியிருந்தாலும், அதற்கென மறுபயன் (வாக்குறுதிக்கு ஈடாகக் கிடைக்கும் பணமோ வேறு பலனோ) எதுவும் பெறாதவரை அது என்னைக் கட்டாது என்பதே என் புரிதல். (‘கையை விட்டுப் புறப்படும்வரை’ என்ற தபால் காலத்து விதி மின்னஞ்சலுக்கு எப்படிப் பொருந்தும் என்பது தனித் தலைவலி.) ஜெர்மன் சிவில் சட்டத்தின் 145ஆம் பிரிவோ, வெளிப்படையாக விலக்கியிருந்தாலன்றி, முன்மொழிந்தவரைக் கட்டிப்போடுகிறது. நாடுகளுக்கிடையேயான சரக்கு விற்பனைக்கான 1980ஆம் ஆண்டின் வியன்னா விற்பனை உடன்படிக்கையும், பொதுவாகப் பின்வாங்க அனுமதித்தாலும், கெடு குறித்துவிட்டால் விடுவதில்லை. அதில் ஜெர்மனி உண்டு, இந்தியா இல்லை.

எந்நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று கொட்டேஷனில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. இந்நிலையில் எந்தச் சட்டம் செல்லும், திரும்பப் பெறும் மின்னஞ்சலை எப்படி எழுதுவது என்று, இத்தகைய வழக்கைக் கையாண்ட வழக்கறிஞர்களும் ஏற்றுமதியாளர்களும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.