விஎம்முக்குப் பெரிய ஃபைல் போனால் ஹோஸ்ட்டே கெர்னல் பேனிக் (கேவிஎம், பிரிட்ஜ், 10ஜி கார்டு)

குமிழ்_முனை

டெபியன் 12 லினக்ஸ், கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) 6.1, விஎம்களை (மெய்நிகர் கணினிகளை) நடத்த கேவிஎம், லிப்வர்ட். 10 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டு பிஆர்0 பிரிட்ஜில் (விஎம்களை வெளி நெட்வொர்க்கோடு இணைக்கும் மென்பொருள் ஸ்விட்ச்) இருக்கிறது, அதில் நாலு விஎம். கார்டு டிரைவர் கெர்னலோடு வந்தது இல்லை. தயாரிப்பாளர் கொடுத்ததை டிகேஎம்எஸ் (வெளி டிரைவரைக் கெர்னலுக்கு ஏற்பக் கட்டிச் சேர்க்கும் கருவி) மூலம் போட்டது. வெளியிலிருந்து விஎம்முக்கு பேக்கப் காப்பி ஆரம்பித்தால் சில நிமிடத்தில் ஹோஸ்ட் உறைகிறது. திரையில் கடைசி வரி: "கெர்னல் பேனிக், நாட் சிங்கிங்: ஃபேட்டல் எக்ஸெப்ஷன் இன் இன்ட்டரப்ட்". அதே ஃபைலை ஹோஸ்ட்டுக்கே காப்பி செய்தால் ஒன்றும் ஆவதில்லை. ஜர்னலில் (சிஸ்டம் லாக்) தடயமே இல்லை. மெம்டெஸ்ட் (ரேம் சோதனை) சுத்தம். விஹோஸ்ட்டை (விஎம்முக்குப் பாக்கெட்டுகளைக் கடத்தும் கெர்னல் பகுதி) சந்தேகப்படலாமா?

பாக்கெட்_பித்தன்

ஜர்னலில் இருக்காது ஜி. இன்ட்டரப்ட் நடுவில் விழுந்தால் டிஸ்க்கில் எழுத அவகாசம் கிடையாது. முதலில் கேடம்ப் (கெர்னல் விழும் கணத்தில் மெமரியைச் சேமிக்கும் ஏற்பாடு) போடுங்கள்: கேடம்ப்-டூல்ஸ் பேக்கேஜ், கிரப் (பூட் லோடர்) வரியில் க்ராஷ்கெர்னல் மதிப்பு 256எம், பிறகு ரீபூட். ஒதுக்கீடு குறைந்தால் டம்ப் எடுக்க வரும் கெர்னலுக்கே மெமரி பத்தாமல் போய் கையில் ஒன்றும் மிஞ்சாது. விஎம்களை நிறுத்திவிட்டு சிஸ்ஆர்க்யூ 'சி' கொடுத்து ஒருமுறை வேண்டுமென்றே விழவைத்து, டம்ப் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

நெட்கன்சோல் (கெர்னல் செய்திகளை நெட்வொர்க் வழியே வேறு கணினிக்கு அனுப்புவது) போடுவதாக இருந்தால் பிரிட்ஜில் சேர்த்த கார்டில் கட்டாதீர்கள், "ஸ்லேவ் டிவைஸ், அபார்ட்டிங்" என்று மறுத்துவிடும். வேறு கார்டு வேண்டும். யுடிபி போர்ட் 6666.

குமிழ்_முனை

கேடம்ப் கிடைத்தது. ஆர்ஐபி (விழுந்த இடம்) எஸ்கேபி_செக்மென்ட்டில் (பாக்கெட்டைத் துண்டு போடும் ஃபங்ஷன்) நிற்கிறது. அதற்கு முன் பிஆர்_ஃபார்வர்ட் (பிரிட்ஜ் பாக்கெட்டை அனுப்பும் ஃபங்ஷன்) வகையறா. டெயின்ட்டட் 'ஓஇ' (கையொப்பமில்லாத வெளி டிரைவர் ஏறியிருக்கிறது என்ற குறி). பூட் லாகில் "ஃபெயில்ட் டு டிசேபிள் எல்ஆர்ஓ" என்று ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது.

பாக்கெட்_பித்தன்

அந்த எச்சரிக்கைதான் பதில். விஹோஸ்ட் வழியில் நிற்கிற ஆள், அவ்வளவுதான்.

எல்ஆர்ஓ (லார்ஜ் ரிசீவ் ஆஃப்லோட்) என்பது, வந்த பாக்கெட்டுகளை ஒட்டிப் பெரிதாக்கும் வசதி. பத்துக் கடிதத்தின் உறைகளைக் கிழித்துப்போட்டு ஒரே கட்டாகக் கட்டுகிற மாதிரி: வாங்குபவர் வீட்டுக்கே வந்தால் பரவாயில்லை, அடுத்த வீட்டுக்கு அனுப்ப முடியாது. அதனால்தான் ஹோஸ்ட்டுக்குக் காப்பி செய்தால் தாங்குகிறது. ஜிஆர்ஓ (ஜெனரிக் ரிசீவ் ஆஃப்லோட்) அப்படியில்லை, ஒட்டினாலும் திரும்பப் பிரிக்கத் தேவையானதை வைத்துக்கொள்ளும்.

கார்டைப் பிரிட்ஜில் சேர்க்கும்போது கெர்னலே எல்ஆர்ஓவை அணைக்கச் சொல்லும். உங்கள் டிரைவர் கேட்கவில்லை. வழக்கமாக இப்படி ஒட்டிய பாக்கெட் வந்தால் "கேனாட் பி ஃபார்வர்டட் வைல் எல்ஆர்ஓ இஸ் எனேபிள்ட்" என்று எழுதிவிட்டுக் கெர்னல் அதைத் தூக்கி எறியும். டிரைவர் பாக்கெட் விவரத்தைச் சரியாக நிரப்பாவிட்டால் அந்தக் காவலையும் தாண்டி, துண்டு போடும் இடத்தில் வெடிக்கும்.

ஈத்டூல் கட்டளையில் சிறிய 'கே' கார்டு அமைப்பைக் காட்டும், பெரிய 'கே' மாற்றும். லார்ஜ்-ரிசீவ்-ஆஃப்லோட் 'ஆன்' பக்கத்தில் 'ஃபிக்ஸ்ட்' என்று இருந்தால் எதுவும் எடுபடாது. இல்லாவிட்டால் அணைத்து, இன்டர்ஃபேஸஸ் ஃபைலில் பிஆர்0 பகுதியில் ப்ரீ-அப் வரியாகப் போடுங்கள். எல்லா ஆஃப்லோடையும் ஒரேயடியாக அணைக்கச் சொல்லும் பதிவுகளை நம்பவேண்டாம். 10ஜியில் ஜிஆர்ஓ போனால் சிபியு தவிக்கும், குற்றவாளி யார் என்பதும் தெரியாது.

ரூட்_ராஜாங்கம்

ஒன்று சேர்க்கிறேன். மோட்இன்ஃபோவில் (டிரைவர் விவரம் காட்டும் கட்டளை) ஃபைல்நேம் வரி 'அப்டேட்ஸ்/டிகேஎம்எஸ்' என்று காட்டினால் வெளி டிரைவர்தான் ஏறியிருக்கிறது. டிகேஎம்எஸ்ஸில் நீக்கினால் மட்டும் போதாது, இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் (பூட் ஆகும்போது முதலில் ஏறும் சிறு ஃபைல் சிஸ்டம்) புதுப்பிக்கவேண்டும். பழையது உள்ளேயே உட்கார்ந்திருக்கும். 'ஓ' டெயின்ட்டோடு கெர்னல் ஆட்களிடம் போனாலும் முதலில் இதைத்தான் கழற்றச் சொல்வார்கள்.

சோதிக்க ஐபெர்ஃப்3 (நெட்வொர்க் வேகம் அளக்கும் கருவி): வெளியிலிருந்து விஎம்முக்கு, நாலு இணைப்பு, 600 விநாடி. பிறகு திசை மாற்றி ஒருமுறை.

குமிழ்_முனை

'ஆன்', 'ஃபிக்ஸ்ட்' என்றே காட்டியது. கெர்னலின் சொந்த டிரைவருக்கு மாறிவிட்டேன்; எல்ஆர்ஓ இப்போது 'ஆஃப்'. ஐபெர்ஃப் இரண்டு திசையிலும் முடிந்தது, முழு பேக்கப்பும் போனது. கெர்னல்.பேனிக் (பேனிக் ஆனபின் ரீபூட்டுக்குக் காத்திருக்கும் விநாடி) மதிப்பை 10 ஆக்கி வைத்தால் அடுத்தமுறை தானாக ரீபூட் ஆகுமா?

பாக்கெட்_பித்தன்

கேடம்ப் ஏற்றியிருக்கும்வரை அந்த எண்ணுக்கு வேலை இல்லை, பேனிக் நேராக டம்ப் கெர்னலுக்குத் தாவும். டம்ப் எழுதி முடிந்ததும் அதுவே ரீபூட் செய்யும். கேடம்ப்பை எடுத்துவிட்டால் 10 வைக்கலாம்.