பைத்தனின் இரு பதிப்புகள்: முனையம் திறக்க மறுக்கிறது

பரந்தனான்:
வணக்கம். எங்கள் அரிசி ஆலையின் கணக்கைப் பைத்தன் நிரல்மொழியின் 3.8 பதிப்பில் எழுதிய சிறு நிரலொன்றுதான் பார்த்து வருகிறது. சென்ற கிழமை கணினியில் உபுண்டு 22.04 இயங்குதளத்தை ஏற்றினேன். அதனுடன் வருவது பைத்தன் 3.10. ஆகவே பைத்தனின் வேறு பதிப்புகளைத் தரும் டெட்ஸ்நேக்ஸ் களஞ்சியத்திலிருந்து 3.8 ஐ நிறுவி, "பைத்தன்3" என்று அழைத்தாலே அது ஓடும்படி அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் கட்டளையால் இணைப்பை மாற்றினேன். நிரல் ஓடியது. மறுநாள், கட்டளைகளைத் தட்டச்சிடும் முனையச் சாளரம் திறக்கவில்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளை அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய் வேறொரு களஞ்சியத்தைச் சேர்க்க முயன்றால், ஏபிடி_பிகேஜி என்ற கூறு இல்லை என்கிறது. 3.10 அழிந்துவிட்டதா? காலபோக நெல் வந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. மூட்டைக் கணக்கைக் கொப்பியில் எழுதுகிறேன்.

குளக்கட்டு:
அழியவில்லை, அண்ணா. உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பலவும் "பைத்தன்3" என்ற பெயரை நம்பியே எழுதப்பட்டவை. மென்பொருள் நிறுவும் கருவிகள் பயன்படுத்தும் ஏபிடி_பிகேஜி, சி++ மொழியில் எழுதித் தொகுக்கப்பட்ட கூறு. அதன் கோப்புப் பெயரிலேயே சிபைத்தன்-310 என்று இருக்கும். 3.8 தனக்குரிய 38 என்ற குறியுடைய கோப்பைத் தேடுவதால், பக்கத்திலேயே கிடப்பதை அதனால் ஏற்க முடியவில்லை. இணைப்பை 3.10 க்கே திருப்பிவிட்டு, ஆலை நிரலுக்கென்று 3.8 ஐ முழுப் பெயரால் அழைத்துத் வென்வ் எனப்படும், மற்றவற்றிலிருந்து பிரிந்த பைத்தன் சூழலொன்றை உருவாக்குங்கள்.

மாங்குளம் வாசி:
மேலே சொன்னது சரி. காரணத்தைச் சற்று விரித்துச் சொல்கிறேன். உபுண்டுவில் பொதிகளை (மென்பொருள் தொகுப்புகளை) நிறுவும் டிபிகேஜி ஒரு பெயருக்கு ஒரு பதிப்பையே வைத்திருக்கும், புதியது வந்தால் பழையது போய்விடும். அதனால்தான் உபுண்டுவுக்கு மூலமான டெபியன்காரர் பதிப்பெண்ணைப் பெயருக்குள்ளேயே சேர்த்துவிடுகிறார்கள்: ஜிசிசி என்ற நிரல் தொகுப்பியின் ஜிசிசி-11, ஜிசிசி-12 இரண்டும் டிபிகேஜியின் கண்ணில் வெவ்வேறு பொதிகள், ஆகையால் அருகருகே இருக்கும். அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் எதையும் நிறுவுவதில்லை; பொதுப் பெயர் எதைச் சுட்ட வேண்டும் என்பதை மட்டும் மாற்றுகிறது. ஜாவாவுக்கு அது போதும், ஏனெனில் உபுண்டுவின் அடிப்படைக் கருவிகள் ஜாவாவில் தங்கியிருப்பதில்லை. பைத்தனில் அதைச் செய்வது, என் பார்வையில், குடியிருக்கும் வீட்டின் அத்திவாரக் கல்லை உருவுவது போன்றது.

நிக்ஸ் என்ற இன்னொரு பொதி மேலாளர் வேறு வழியில் போகிறது. ஒவ்வொரு பொதியும் 32 எழுத்துக் குறியொன்றைத் தாங்கிய தனிக் கோப்புறையில் இருப்பதால், எத்தனை பதிப்பும் மோதாமல் இருக்கும். ஆனால் வன்தட்டிலும் டேட்டாவிலும் அதற்கு நிறையக் கொடுக்க வேண்டும். ஓர் ஆலைக் கணக்குக்கு அது தேவையில்லை. 3.8 க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஒக்ரோபருடன் நின்றுவிட்டன என்பதால், அறுவடை முடிந்ததும் நிரலை 3.10 க்கு மாற்றிவிடுவது நல்லது.

பரந்தனான்:
இணைப்பைத் திருப்பியதும் முனையம் திறந்தது, இருவருக்கும் நன்றி. வென்வ் உருவாக்கும்போது முதலில் பிழை வந்தது; 3.8 க்குரிய வென்வ் பொதியைத் தனியாக நிறுவிய பின்னர் சரியாகியது. கொப்பியில் எழுதிய மூன்று நாள் மூட்டைகளை இப்போது ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.