கறுப்புத்தாள் மறைத்த இடத்திலும் இலை நீலமாகிறது, ஏன்?

ஏழாம்வகுப்பு டீச்சர்
வணக்கம். ஒளிச்சேர்க்கைக்கு ஒளி தேவை என்று பிள்ளைகளுக்குக் காட்ட, தொட்டிச் செம்பருத்தி இலையில் காலை 10 மணிக்குக் கறுப்புத்தாள் பட்டை மாட்டினேன். மதியம் 3 மணிக்குப் பறித்து, ஸ்பிரிட்டில் பச்சையம் போக்கி அயோடின் விட்டால், இலை முழுக்கக் கருநீலம். தாளுக்கு அடியிலும் அதே நிறம். அடுத்த வாரம் மறுபடி செய்யணும், எங்கே கோளாறு?

மாடித்தோட்டம்
தாள் மாட்டும்வரை செடி எங்கே இருந்தது?

ஏழாம்வகுப்பு டீச்சர்
வெளியே வெயிலில்தான் சார்.

மாடித்தோட்டம்
அதுதான் காரணம். அயோடினை நீலமாக்கியது ஏற்கெனவே இலையில் சேர்ந்திருந்த மாவுச்சத்து. பகலில் சேர்த்ததை இலை இரவில் சர்க்கரையாக உடைத்து வேருக்கும் மொட்டுக்கும் அனுப்பும். ஆனால் 10 மணிக்குள் காலை வெயில் மறுபடி சேர்த்துவிடுகிறது. செடியை 24 முதல் 48 மணி நேரம் முழு இருட்டில் வையுங்கள். வெளியே எடுக்குமுன் ஓர் இலையைச் சோதியுங்கள். அயோடின் பழுப்பாகவே நின்றால்தான் செடி தயார். தாளை அங்கேயே, இலையின் இரண்டு பக்கமும் மூடும்படி மாட்டிவிட்டு, அப்புறம் வெயிலுக்குக் கொண்டுபோங்கள்.

ஏழாம்வகுப்பு டீச்சர்
நன்றி சார். ஒரு பையன் கேட்கிறான்: "செடி குளுக்கோஸ் செய்யுதுன்னா, நாம ஏன் மாவுச்சத்தைத் தேடுறோம்?"

மாடித்தோட்டம்
நல்ல கேள்வி, அவனுக்கு முழுசாகச் சொல்லுங்கள். ஒளி நேராகக் குளுக்கோஸ் செய்வதில்லை. பச்சையம் பிடித்த ஆற்றலால் தண்ணீர் பிளந்து ஆக்சிஜன் வெளியேறும், கூடவே ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறுகளான ஏடிபியும் என்ஏடிபிஎச்சும் உருவாகும். அவற்றைச் செலவழித்துத்தான் கார்பன் டை ஆக்சைடு மூன்று கார்பன் சர்க்கரையாகிறது. பாசிக்குக் கதிரியக்கக் கார்பன்-14 கொடுத்து இந்தப் பாதையைக் கண்டறிந்ததற்காக வேதியியலாளர் மெல்வின் கால்வினுக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு சுக்ரோஸாகி இலையை விட்டுப் போகும், மிச்சம், செல்லில் பச்சையம் இருக்கும் பசுங்கணிகத்துக்குள்ளேயே மாவுச்சத்து மணிகளாகும். குளுக்கோஸாகவே குவிந்தால், அது கரைந்து செல்லுக்குள் தண்ணீரை இழுக்கும். மாவுச்சத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அயோடினும் குளுக்கோஸுக்கு நிறம் மாறாது.

லேப் உதவியாளர்
டீச்சர், ஸ்பிரிட்டை நெருப்பில் நேராக வைக்கவே வைக்காதீர்கள், பக்கத்தில் பிள்ளைகள் நிற்பார்கள். அடுப்பை அணைத்துவிட்டு, கொதித்த தண்ணீருக்குள் ஸ்பிரிட் குழாயை இறக்குங்கள். ஸ்பிரிட் 78 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெளியே வரும் இலை தொட்டாலே நொறுங்கும், வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கினால் இளகும். ஆறவிட்டு அயோடின் விடுங்கள், சூட்டில் நீலம் மங்கிவிடும்.

ஏழாம்வகுப்பு டீச்சர்
செம்பருத்தி கிடைக்காத பிள்ளைகள் வெங்காயத்தாளில் செய்யலாமா?

லேப் உதவியாளர்
வேண்டாம். வெங்காயம் இலையில் மாவுச்சத்தாகச் சேர்க்காது, சர்க்கரையாகவே வைத்துக்கொள்ளும். எவ்வளவு வெயில் பட்டாலும் நீலம் வராது.