ஆணழகன் போட்டி விளையாட்டுதானா?

பாலக்கோடு_பையன்:
என் தம்பி மாவட்ட ஆணழகன் போட்டியில் 65 கிலோ பிரிவில் நிற்கப் போகிறான். வேகவைத்த கோழி, முட்டை வெள்ளைக்கரு, வீட்டில் களி கிண்டினாலும் தராசில் எடை போட்டுத்தான் தட்டில் வைக்கிறான். பழைய கபடிக்காரரான எங்கள் மாமா, "ஓடல, பிடிக்கல, மேடையில உடம்பைக் காட்டறது எப்படிடா விளையாட்டு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். தம்பிக்கு முகம் செத்துப்போச்சு. ஆறுதல் வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்க.

காவேரிப்பட்டணம்_ரெய்டர்:
மாமா கேட்டதில் நியாயம் இருக்கு நண்பா. பளுதூக்குதலில் எத்தனை கிலோ தூக்கினான் என்று எண்ணே சொல்லிவிடும். இதில் உழைப்பெல்லாம் மேடை ஏறுவதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது, மிச்சம் நடுவர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதுதான். ஒலிம்பிக்கில் சேர்க்கவே இல்லை. ஆசிய விளையாட்டில் 2002 பூசான், 2006 தோகா, அதோடு சரி.

ஓசூர்_ஜிம்_மாஸ்டர்:
ரெய்டர் தம்பி, நடுவர் கண்தான் குறை என்றால் ஜிம்னாஸ்டிக்ஸ், டைவிங் இரண்டையும் என்ன செய்வது? மேடையில் உழைப்பு இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பக்கவாட்டில் திரும்பி நின்று மார்பைக் காட்டும் சைடு செஸ்ட் போஸ் ஒன்றை எடுத்துக்கங்க: கெண்டைக்கால், தொடை, மார்பு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தில் சிரிப்பும் மாறாமல் நிற்க வேண்டும், பக்கத்தில் நிற்பவனோடு ஒப்பிட நடுவர் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார், கால் வெடவெடக்கும், உடம்பில் பூசிய டேன் என்கிற கருநிறச் சாயம் வியர்வையில் கோடு கோடாக வழியும். வீட்டுக் கண்ணாடி முன்னால் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம். மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டிலேயே ஜிம்னாஸ்டிக்ஸோடு சேர்த்து இதற்கும் இடம் இருக்கு. நம்ம தமிழ்நாட்டு எஸ்.பாஸ்கரன் 2019இல் அர்ஜுனா விருது வாங்கினார். அவருக்கெல்லாம் முன்னால் 1952இல் மிஸ்டர் யுனிவர்ஸ் என்ற உலக ஆணழகன் போட்டியில் உயரம் குறைந்தோர் பிரிவுப் பட்டம் வாங்கிய மனோகர் ஐச் 5 அடி உயரம்கூட இல்லாதவர், 100 வயதைத் தாண்டி வாழ்ந்தார்.

கிருஷ்ணகிரி_நர்ஸ்:
எனக்கும் இது விளையாட்டுதான். ஆனால் ஊக்கமருந்துச் சோதனை நடக்கும் மேடையைத்தான் நான் அப்படிச் சொல்வேன். சோதனையே இல்லாமல் கோப்பை கொடுக்கும் போட்டியில் ஊசி போடாத பையன்தான் ஏமாளி ஆகிறான். இன்னொன்று, தசை தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கடைசி நாட்களில் தண்ணீரை நிறுத்திவிட்டு, சிறுநீர் நிறையப் போக மாத்திரையும் போடுகிறார்கள். பொட்டாசியம் ஏறி இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும், உயிர் போன வீரர்களும் உண்டு. மாமா சொன்னதை விடுங்க, தம்பி என்னென்ன போடுகிறான் என்று முதலில் கேளுங்க.

பாலக்கோடு_பையன்:
ரொம்ப நன்றி. அக்கா சொன்னது வயிற்றைக் கலக்குது, அவன் நேற்றிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிட்டான், மாத்திரை பற்றி இப்போதே கேட்கிறேன். மாஸ்டர் அண்ணா, தண்ணீரை நிறுத்தாமலே மேடை ஏறினால் மார்க் ரொம்பக் குறையுமா?

ஓசூர்_ஜிம்_மாஸ்டர்:
வழக்கம்போல் குடிக்கச் சொல்லுங்க. கொழுப்பைப் பல வாரம் பொறுமையாகக் குறைத்தவனுக்குத் தண்ணீரை நிறுத்தித் தசையைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. என் பசங்க யாரையும் நான் நிறுத்த விடுவதில்லை. மாத்திரை இருந்தால் பிடுங்கிக் குப்பையில் போடுங்க.