வீட்டிலேயே பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்று: எங்கிருந்து தொடங்குவது?

நண்டுக்கரை (சிதம்பரம்):
வணக்கம். கிள்ளைப் பக்கம் ஓர் இருளர் குடியிருப்பில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். அங்குள்ள ஒரு குடும்பத்துக்காகக் கேட்கிறேன். மூத்தவள் 2020இல் வீட்டிலேயே பிறந்தவள், யாரும் பதியவில்லை. இப்போது ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். சின்னவன் 2024இல் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் பிறந்தான். அவனுக்கும் சான்று வாங்கவில்லை. இ-சேவை மையத்தில், ஆன்லைனில் இரண்டு பேர் பதிவும் வரவில்லை என்கிறார்கள். ஓர் அலுவலகத்தில் கேட்டால் இன்னோர் அலுவலகத்தைக் காட்டுகிறார்கள். அப்பா, அம்மா இருவரும் விடிவதற்குள் நண்டு பிடிக்கக் கிளம்புகிறவர்கள். ஒரு நாள் வாசலில் காத்திருந்தால் அன்றைய வருமானம் போச்சு. ஊருக்கே வரும் முகாமில் மனு கொடுத்தால் முடிந்துவிடுமா?

பழைய பதிவேடு (கடலூர்):
வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இரண்டு பிள்ளைகளுக்கும் வழி வேறு வேறு.

சின்னவன் விஷயம் சுலபம். எங்கே பிறந்ததோ அங்கேதான் பதிவு இருக்கும், குடியிருக்கும் ஊரில் இருக்காது. ஜிப்மர் இருக்கும் கோரிமேடு, புதுச்சேரியின் உழவர்கரை நகராட்சியில் வருகிறது. தமிழ்நாட்டுத் தளத்தில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. டிஸ்சார்ஜ் சீட்டோடு உழவர்கரை நகராட்சியில் கேளுங்கள். அவனுக்கு இதைத் தள்ளிப்போடவே கூடாது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றுதான் ஆதாரம்.

மூத்தவளுக்கு, பிறந்து ஓராண்டு தாண்டிவிட்டதால் வருவாய்க் கோட்ட அளவில் உத்தரவு வேண்டும். உங்களுக்குச் சிதம்பரம் சார் ஆட்சியர் அலுவலகம். முதலில் பிறந்த இடத்துப் பதிவாளரிடம் ‘பதிவு இல்லை’ என்று எழுதி வாங்குங்கள். ஊராட்சி என்றால் கிராம நிர்வாக அலுவலர், பேரூராட்சி என்றால் அந்த அலுவலகம். அதை ஆதாரங்களோடு சேர்த்து சார் ஆட்சியருக்கு மனு. உத்தரவு வந்ததும் தாமதக் கட்டணம் கட்டி அதே பதிவாளரிடம் பதியலாம். முகாமில் மனு வாங்குவார்கள், ஆனால் விசாரணையும் உத்தரவும் அங்கேயே நடக்காது. 2025 ஜூலை 15 அன்று சிதம்பரத்தில் தொடங்கிய ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்களிலும் 45 நாளில் தீர்வு என்றுதான் சொன்னார்கள்.

நண்டுக்கரை:
ரொம்ப நன்றி ஐயா. ஆதாரம் என்றால் எதைக் கொடுப்பது? இவர்களிடம் ரேஷன் கார்டு மட்டும்தான் இருக்கிறது.

செவிலியர் அக்கா (பரங்கிப்பேட்டை):
தம்பி, அந்தப் பகுதி கிராம சுகாதாரச் செவிலியரைப் பாருங்கள். கர்ப்பம் பதிந்திருந்தால் அதற்குக் கொடுத்த பதிவு எண், பிக்மி (PICME) எண் என்போம், 12 இலக்கத்தில் இருக்கும். வீட்டுப் பிரசவம் தெரிய வந்திருந்தால் பதிவேட்டில் பிறந்த தேதி, குழந்தையின் எடை, முதல் தடுப்பூசி எல்லாம் எழுதியிருப்போம். அங்கன்வாடி எடைப் பதிவேட்டையும் கேளுங்கள். அம்மாவிடம் தடுப்பூசி அட்டை இருக்கிறதா என்று பொறுமையாக விசாரியுங்கள். பெரும்பாலும் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கூரையில் செருகியிருப்பார்கள். மழையில் மை கலைந்திருந்தாலும் தூக்கிப் போட வேண்டாம். எண் மட்டும் தெரிந்தால் போதும், மீதியை நாங்கள் தேடித் தருவோம். இந்த விஷயத்தில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசாங்கம் செவிலியர்தான்.

பழைய பதிவேடு:
அக்கா சொன்னதுதான் சரியான தொடக்கம். சான்று வரும்வரை பள்ளிச் சேர்க்கையை நிறுத்தி வைக்காதீர்கள். வயதுச் சான்று இல்லை என்று குழந்தையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. தலைமை ஆசிரியரிடம் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

அப்புறம், அந்தக் குடியிருப்பில் இந்த ஒரு பிள்ளை மட்டும் இப்படி இருக்காது. வீடு வீடாகக் கேட்டுச் சான்று இல்லாத பிள்ளைகளின் பட்டியல் எடுங்கள். பெற்றோர் பெயரை ரேஷன் கார்டில் உள்ளபடியே எழுதுங்கள். பழங்குடியினர் சாதிச் சான்று வாங்காதவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதையும் கோட்ட அளவில்தான் தருவார்கள், தாசில்தார் தர முடியாது. திங்கட்கிழமை கடலூர் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் பட்டியலைக் கொடுத்து, குடியிருப்பிலேயே சிறப்பு முகாம் வேண்டும் என்று கேளுங்கள். செவிலியர், கிராம நிர்வாக அலுவலர், சார் ஆட்சியர் அலுவலகத்து ஆள் மூவரும் ஒரே நாளில் அங்கே வந்தால்தான் அது முகாம். மனு வாங்க மட்டும் ஒரு மேசை போட்டால், அலைச்சல் மறுநாள் மறுபடி ஆரம்பிக்கும்.

நண்டுக்கரை:
செவிலியரிடம் பேசிவிட்டேன். 2020 பதிவேட்டை எடுத்துப் பார்க்கிறேன் என்றார். பட்டியலை இன்று சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் எழுதத் தொடங்குகிறேன்.